போர்டு அக்காவின் ஆள்காட்டி விரல்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், போர்டு அக்காவின் ஆள்காட்டி விரல் கண்ணாடியில் நடக்க ஆரம்பித்துவிடும். வெளியே மருந்துக்கடைப் பலகை போகும். விரல் அந்த 'ம'வை ஒருமுறை எழுதிப் பார்க்கும். சுவரில் சிமெண்ட் விளம்பரம் வரும். விரல் அதையும் விடாது. ஒரு தடவை புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டே விட்டார்.

"என்னம்மா, கண்ணாடியில தூசி தட்டுதியளா? டிப்போவுல சொல்லி வேல வாங்கித் தரட்டா?"

அக்கா திரும்பாமலேயே பதில் சொன்னார்: "அழகு நிலையம்னு எழுதியிருக்காருல்லா, அந்த 'ழ'வ எங்கன இருந்து ஆரம்பிச்சாருன்னு பிடிபடல. அதான் பாக்குதேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நானும் அதே ஆளோடுதான் வந்திருக்கிறேன் என்று சொல்ல அன்றைக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மக்கா, பீரோவில் நீல எழுத்து எழுதி ஒரு வெள்ளைத் துண்டு மடித்திருக்கிறதே, அதை ஏன் துடைக்க எடுக்கக் கூடாது என்று நீங்கள் இருவரும் கேட்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். நீளமாக எழுதிப் பழக்கமில்லை. ஆனால் இதில் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அப்போது நான் நம்மூரில், சங்கரன்கோவிலில், கிணற்று மோட்டாருக்குக் கண்ட்ரோல் பெட்டி செய்யும் இடத்தில் வேலை பார்த்தேன். கீழே விசைத்தறிக் கூடம், மேல் மாடியில் நாங்கள். தறிச் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. அதனால் எங்கள் பட்டறையில் "டீ குடிச்சாச்சா" என்பதைக்கூடச் சண்டை போடுவதுபோலத்தான் கேட்போம். பெட்டியைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் மாட்டுவது என் வேலை. பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைக் கம்ப்யூட்டரில் வரைவது அக்காவின் வேலை. என்னைவிட மூன்று வயது இளையவர்தான். எல்லாரும் போர்டு அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்பார்.

"ரெண்டு பேருல யாருவே மூப்பு? ஒரு முடிவுக்கு வாங்க," என்று முதலாளி அண்ணாச்சி சிரிப்பார்.

அக்காவுக்கு எந்த எழுத்தைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "கை எங்கன இருந்து வருது?" கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால் மாப்பிள்ளை பெயரைப் படிக்கமாட்டார். பூப்பூவாகச் சுருண்டிருக்கும் எழுத்தில் விரலை வைத்து, வாசலைத் தேடுவார். பெரியவளே, நீ ஒன்றாம் வகுப்பில் 'அ' எழுதிக் காட்டியபோது வந்தவர்கள் எல்லாரும் 'அழகா இருக்கு' என்றார்கள். அக்கா மட்டும் சிலேட்டை அழித்துவிட்டு, "இப்ப எழுது, நான் பாக்குதேன்," என்றார். நீ அடியிலிருந்து மேலே போனாய். "சரிதான், ஒனக்கு ஒரு வழி இருக்கு. ஆனா அது ஊரச் சுத்திப் போகுது," என்றார். நீ அழுதாய். அவர் அரைமணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நேர்வழியைக் காட்டிவிட்டுத்தான் காப்பியைத் தொட்டார். காப்பி ஆறியிருந்தது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று எனக்குப் பனவடலிசத்திரத்தில்தான் தெரிந்தது.

அங்கே பிச்சிப்பூ பயிர் போட்டிருந்த ஒரு பெரியம்மா இருந்தார். தோட்டத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டவர். அவர் கிணற்றுக்கு நான் மாட்டியிருந்த பெட்டியில் பச்சைப் போர்டுதான் முகம். அதில் இரண்டு பட்டன், ஒரு சிவப்பு விளக்கு, பக்கத்தில் வெள்ளை மையில் இங்கிலீஷ் எழுத்து. "வலது ஓரத்துப் பட்டன அமுக்குனா ஓடும் பெரியம்மா" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அவரும் அப்படியே ஓட்டினார். பிறகு இடி விழுந்து அந்தப் பெட்டி கெட்டது. புது மாடலை மாட்டினேன். புதியதில் மூன்று பட்டன். வலது ஓரத்தில் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மோட்டாரைக் கட்டாயப்படுத்தி ஓட்டுகிற பட்டன். மெக்கானிக் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது. மாட்டிய அன்று பெரியம்மா தூரத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வாசுதேவநல்லூரிலிருந்து போன் மேல் போன். பட்டன் மாறியதைச் சொல்லாமலே பைக்கை எடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் மோட்டார் கருகிப்போனது.

மோட்டாரை மேலே தூக்கி, உள்ளே கருகிய கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டி, திரும்ப இறக்க ஒன்பது நாள் ஆனது. அது கோடைகாலம். ஒன்பதாம் நாள் போனபோது மொட்டெல்லாம் காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது. பெரியம்மா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பெட்டிப் பக்கம் கூட்டிப் போய் நிறுத்தினார்.

"ஏலே, நான் எழுத்து தெரியாதவ இல்ல. பஸ் போர்டு படிப்பேன். ரேஷன் கார்டு படிப்பேன். ஒம் பெட்டியத்தான் என்னால படிக்க முடியல. நீ சொன்னத நம்பித்தான அமுக்குனேன்?"



பட்டறைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். "எல்லாம் என் தப்புக்கா. சொல்லாம வந்துட்டேன்."

அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "நீங்க சொல்லாதது ஒரு தப்புன்னா, நீங்க சொன்னாத்தான் தெரியும்னு நான் போர்டு போட்டேன் பாருங்க, அது அதவிடப் பெரிய தப்பு."

அடுத்ததாக நாற்பது போர்டுக்கு ஆர்டர் இருந்தது. நாற்பதும் இதே மாதிரித் தோட்டங்களுக்குப் போகிறவை. அன்றைக்குத் திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் அந்த வரைபடம் போர்டு அடிக்கும் கம்பெனிக்குப் போக வேண்டும். அக்கா போய் முதலாளியிடம் தமிழில் எழுதப் போவதாகச் சொன்னார்.

"எழுதேன். யாரு வேண்டாங்கா?" என்றார் அண்ணாச்சி. "சனிக்கெழம பன்னெண்டு மணிக்கு ஃபைல் போகணும். முடிஞ்சா தமிழு, முடியலன்னா இங்கிலீசு. நாப்பது தோட்டக்காரன் காத்துக் கெடக்கான்."

தமிழில் எழுதுவதற்கு ஐந்து நாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்கா ஒரு பேனாவை எடுத்து விளக்கினார். பத்திரிகையில் நாம் படிக்கும் எழுத்து, ஓரத்தை வரைந்து உள்ளே மை நிரப்பியது. போர்டு வரையும் எங்கள் பழைய சாஃப்ட்வேருக்கு அது ஆகாது. அதற்கு எழுத்து என்றால் பேனா போகிற பாதை. இங்கே வை, இப்படி வளை, இங்கே எடு. அவ்வளவுதான். எந்த அளவில் எழுதினாலும் ஒரே தடிமனில் கோடு விழும், அச்சிலும் நிற்கும். இங்கிலீஷுக்கும் எண்ணுக்கும் அந்தப் பாதை உள்ளேயே இருந்தது. தமிழுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகவே ஏதாவது நல்ல எழுத்தைப் படம் பிடித்து, அதிலிருந்து பாதையை நாமே எடுக்க வேண்டும்.

"எப்படி எடுப்பிய?"

"வாழைத்தண்டு உரிக்கோம்லா, அப்படி. ரெண்டு பக்கமும் உரிச்சு உரிச்சு, நடுவுல ஒத்த நாரு மட்டும் மிஞ்சணும். உரிக்கதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு."

முதலில் காலண்டர் எழுத்தை உரித்தார். வந்ததைப் பார்த்து நானே சிரித்துவிட்டேன். எழுத்தின் மூலைக்கு மூலை சின்னச் சின்ன முடி முளைத்திருந்தது. தடித்தும் மெலிந்தும் இருக்கிற எழுத்தை உரித்தால், கம்ப்யூட்டருக்கு நடு எது என்று குழம்பிவிடுமாம். அந்த முடிகளுக்கு அக்கா மீசை என்று பெயர் வைத்தார். "ஒரு 'த'வுக்கு அஞ்சு மீச. இத மழிக்கதுக்குள்ள எனக்கு நரைச்சிரும்." செவ்வாய்க்கிழமை ஆடித்தபசுத் திருவிழாப் பேனர் எழுத்து ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு மீசையோடு தாடியும் வந்தது. அதையும் மழித்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, அச்செடுத்துப் பார்த்தார். 'ண'வின் சுழிகள் எல்லாம் அடைந்து, மூன்று புளியங்கொட்டை வரிசையாக ஒட்டியதுபோல் இருந்தது. சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் வர வேண்டிய 'தண்ணீர் இல்லை' என்பதுதான் இருப்பதிலேயே முக்கியம். அதையே படிக்க முடியவில்லை.

"இங்கிலீசே இருக்கட்டும்க்கா, நான் தோட்டம் தோட்டமா போயி சொல்லிருதேன்," என்றேன்.

"நீங்க நாளைக்கு வேற வேலைக்குப் போயிட்டா?" என்றார்.

புதன்கிழமை நான் புளியங்குடியில் ஒரு பெட்டி மாட்டப் போயிருந்தேன். எலுமிச்சை மார்க்கெட் எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கையில், ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாக்கிலும் போகிற ஊர்ப் பெயர். நான் கண்ணாடி போடாமல் எதிர்க்கடைப் பலகையைக்கூடப் படிக்க முடியாதவன். ஆனால் அங்கிருந்தே 'திண்டுக்கல்' என்று படித்துவிட்டேன். டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய், சாக்கை நெருக்கமாகப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

பட்டறைக்கு வந்தால் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னால் நின்று சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டர், சாக்கின் ஒவ்வொரு நூலையும் எழுத்து என்று நினைத்து உரித்து வைத்திருந்தது. திரை முழுக்க ஆயிரக்கணக்கில் குறுக்கும் நெடுக்கும் கோடு.

"அண்ணே, எழுத்தக் கேட்டா சாக்கையே பிரிச்சு அனுப்பிட்டிய," என்றார் அக்கா. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அக்கா அதற்குள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நான் அனுப்பிய படத்தையே திறந்து வைத்து, திரையில் விரலை வைத்தார். 'ண'வில் விரல் நுழைந்தது. வளைந்து, ஏறி, இறங்கி, வெளியே வந்தது. எங்கேயும் நிற்கவில்லை. திரும்ப ஒருமுறை எழுதினார்.

"சுழிய மூடவே இல்ல பாருங்க," என்றார். "இத எழுதுனது யாரு?"

மறுநாள் காலை பஸ்ஸில் புளியங்குடி போனோம். கண்டக்டர் அக்காவைக் கேலி செய்தது அன்றைக்குத்தான்.

சாக்கில் எழுதுகிறவர் மார்க்கெட் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது. கையில் துணி சுற்றிய குச்சி, பக்கத்தில் டப்பாவில் நீல மை. மூட்டைக்கு ஒரு மூச்சில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குச்சியை மட்டும் பத்து மூட்டைக்குப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணாச்சி, இந்த 'ண'வுல சுழிய மூடாம விடுதியளே, ஏன்?"

"மூடுனா அடைச்சுக்கிடும்லா? சாக்குல மை ஊறும் தாயி. ஊறுகதுக்கு வயித்துல எடம் விட்டுத்தான் எழுதணும்." குச்சி நிற்கவில்லை. "லோடு ஏத்துறவன் தூரத்துல நின்னு பாத்து ஏத்துதான். எழுத்து அடைஞ்சு, திண்டுக்கல் மூட்ட தேனிக்குப் போச்சுன்னா, வாங்கிக் கட்டிக்கிடுகது நானுல்லா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். போர்டிலும் அதேதான் நடக்கிறது. வெள்ளை மை பரவி, சுழி அடைகிறது. எங்கள் மூன்று நாள் தலைவலிக்கு இந்த மனிதர் என்றைக்கோ வைத்தியம் பார்த்து முடித்திருக்கிறார்.

வேண்டிய வார்த்தைகளை எழுதித் தரச் சொல்லி, அக்கா நோட்டும் பேனாவும் நீட்டினார். அவர் பேனாவைப் பிடித்ததும் தோள் குறுகிப்போனது. பரீட்சை எழுதுகிறவர்போல நாக்கைக் கடித்துக்கொண்டு, பொடிப் பொடியாக எழுதினார். சுழியெல்லாம் பத்திரமாக மூடியிருந்தது.

"இது வேண்டாம் அண்ணாச்சி. சாக்குல எழுதுக கை வேணும்."

"இருக்கது ரெண்டு கைதான். ரெண்டையும் இங்கனதான் வச்சிருக்கேன்."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். சாக்கில் எழுதி வாங்கினால் நூல் நூலாக வரும். காகிதத்தில் என்றால் கை மாறிவிடுகிறது. அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். கடைசியில் என் தோளைப் பார்த்தார்.

"அண்ணே, துண்டக் கொடுங்க."

"யக்கா, புதுசு! தபசுக்கு எடுத்தது!"

"நெருக்கமான நெசவு. வெள்ளை. மை ஊறும். இதவிட நல்லது எது?"

கொடுத்தேன். ஒரு மூட்டையின் மேல் துண்டை இறுக்கி விரித்து, நாலு முனையையும் நாலு பேர் பிடித்துக்கொண்டோம். அவர் குச்சியை மையில் முக்கினார். ஓடு. நில். தொடாதே. தண்ணீர் இல்லை. நான்கையும் நான்கு மூச்சில் எழுதிவிட்டு, "இது எந்த ஊருக்குப் போகுது?" என்றார்.

"நாப்பது தோட்டத்துக்கு," என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை முழுக்க அக்கா இடத்தை விட்டு எழவில்லை. துண்டின் படத்தைக் கம்ப்யூட்டர் உரித்தது. மீசை ஒன்றிரண்டுதான். அதை மழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் விரலை வைத்து நடந்து பார்த்தார். போன வழியிலேயே விரல் திரும்ப வேண்டியிருந்தால் அது தப்பு. அதை அழித்துவிட்டுப் பாதையைப் புதிதாகப் போட்டார். சாயங்காலம் பார்த்தால் ஒரு புள்ளியையும் காணவில்லை. தூசி என்று நினைத்துக் கம்ப்யூட்டரே துடைத்துவிட்டிருந்தது.

"புள்ளியும் கோடுதான் அண்ணே," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார். "வச்ச எடத்துலயே எடுத்திரணும். நகராத கோடு."

சனிக்கிழமை பதினொன்றரை. நிஜ அளவில் அச்செடுத்து, தறிக்கூடத்து மாடிப்படிக்குக் கீழே, வெளிச்சம் இல்லாத மூலையில் ஒட்டினார். மோட்டார் அறையும் அப்படித்தானே இருட்டாக இருக்கும். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஒரு தறிக்காரரைக் கூப்பிட்டு, ஆறு அடி தள்ளி நிறுத்தி, ஒரு வார்த்தையைக் காட்டினார். அவர் கண்ணை இடுக்கக்கூட இல்லை.

"தண்ணீர் இல்லை," என்றார். உடனே பதறி, "ஏன், தொட்டி காலியா? இப்பத்தான மோட்டாரு போட்டாக?" என்று பின்பக்கம் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

முதலாளி கட்டிய கையை அவிழ்த்தார். "அனுப்பு, அனுப்பு. அவன் ஊரக் கூட்டுகதுக்கு முன்னால அனுப்பு."

போர்டுகள் வந்ததும் முதல் பெட்டியைப் பனவடலிசத்திரத்துக்குத்தான் கொண்டுபோனேன். அக்காவும் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எனக்குக் கட்டளை: "மாட்டிட்டுத் தள்ளி வந்துரணும். நீங்க வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த சொன்னாலும் நான் அஞ்சு நாளு பட்ட பாடு வீணு."

பெட்டியை மாட்டினேன். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் கம்பியை அக்கா வேண்டுமென்றே கழற்றி வைத்தார். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பெரியம்மாவைக் கூப்பிட்டுவிட்டு இருவரும் தள்ளி நின்றோம்.

பெரியம்மா பெட்டி முன்னால் நின்று என்னைப் பார்த்தார். "எந்தப் பட்டன்லே?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மக்கா, உங்கள் அப்பா பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பூ கருகிக் கிடந்தது கண்ணுக்குள் வந்தது. வலது ஓரத்தைத் தொடாதிய என்று தொண்டை வரைக்கும் வந்தது. பெரியம்மாவின் கை வேறு, பழைய பழக்கத்தில் நேராக வலது ஓரத்துக்குத்தான் போனது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

பட்டனுக்கு ஒரு விரல்கடை முன்னால் கை நின்றது.

"தொ...டா...தே," என்று படித்தார் பெரியம்மா. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு விளக்குப் பக்கம் குனிந்தார். "தண்ணீர் இல்லை." அடுத்ததைப் படித்தார். "ஓடு." அதற்கும் அடுத்தது. "நில்." தானே 'நில்'லை அமுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"இது எலுமிச்சங்கா மூட்ட எழுத்துல்லா? எங்க அண்ணன் லோடு ஏத்தப் போகும்போது பாத்திருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ இனிமே வந்து எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். போ. ரிப்பேர்னா மட்டும் வா."

என் வாழ்க்கையில் யாரும் என்னை 'வராதே' என்று சொல்லி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அக்காவைப் பார்த்தேன். அவர் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. போர்டில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து நின்றார்.

"'ண்'ணுல நடுச் சுழி லேசா அடைஞ்சிருக்கு," என்றார்.

"யக்கா, அந்தம்மா படிச்சாச்சு!"

"படிச்சாக. மூணு வருசம் கழிச்சு தூசி ஏறும்லா, அப்பயும் படிக்கணும்லா?"

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. வெளியே எத்தனையோ பலகைகள் போயின. விரல் எதையும் தொடரவில்லை. கண்ணாடியில் ஒரே எழுத்தையே, நடுச் சுழியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாக்கி, சங்கரன்கோவில் வரும்வரை எழுதிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை கண்டக்டர் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பவில்லை.

"என்ன எழுதுதாக?" என்று கேட்டார்.

"தண்ணீர்," என்றேன்.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். போன வாரம் வாசுதேவநல்லூரில் ஒரு பெட்டி மாட்டினேன். கிளம்பும்முன் குனிந்து பார்த்தேன். 'ண்'ணின் நடுச் சுழி திறந்திருந்தது. எந்தப் பட்டன் என்று எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.